தலைக்கட்டுக்கு ஒரு கை

ஒரு ஊர்ல ஒரு ராசா இருந்தாராம்னுதான் எல்லாக் கதையும் ஆரம்பிக்கும். எங்க ஊர்க் கதையை அப்படி ஆரம்பிக்க முடியாது தம்பி. எங்க ஊர்ல ராசா இருந்ததே இல்லை. ஊர்தான் ராசா. ஒரு ஊர்ல ஒரு ஊர் இருந்தது, அந்த ஊர் சொன்னதுதான் சட்டமா இருந்தது. வேணும்னா இப்படி ஆரம்பிச்சுக்கலாம்.

உட்காருங்க. மிஷின் எங்கேயும் ஓடிப்போகாது. தாசில்தார் உச்சி வரைக்கும் நேரம் கொடுத்திருக்கார். அதுவரைக்கும் கொதிக்கிற இரும்பு மேல உட்கார்ந்து என்ன செய்யப் போறீங்க? இந்த மேடை ஓரம் நிழலா இருக்கும். நாங்க கட்டின நிழல். இடிக்க வந்த ஆளுக்கும் நிழல் கொடுக்கும், அதுக்கு வித்தியாசம் தெரியாது. டீ சொல்லியிருக்கேன்.

எந்த ஊர்? சங்ககிரியா? நினைச்சேன். பொக்லைன் ஓட்டுறவங்க பாதிப்பேர் அந்தப் பக்கம்தான். பேரு? தங்கவேலா. நல்லது. உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை தங்கவேலு. வாடகைக்குக் கூப்பிட்டாங்க, வந்திருக்கீங்க. நாளைக்கு நானே ஒரு கிணறு வெட்டக் கூப்பிட்டாலும் வரத்தான் போறீங்க.

உள்ளே திரும்பிப் பாருங்க. ஜமுக்காளம் விரிச்சு ஊர் உட்கார்ந்திருக்கு. காலையில கால் வைக்க இடம் இல்லை. ஒரு செங்கல்லைப் பெயர்க்கணும்னா இத்தனை பேரையும் பெயர்க்கணும். தாசில்தார் அசந்துபோயிட்டார், போலீஸ் அய்யாவும்தான். நான் தாசில்தார்கிட்டே சொன்னேன், நீங்க ஒரு பேப்பர் கொண்டு வந்திருக்கீங்க, நான் ஒரு ஊரைக் கொண்டு வந்திருக்கேன், எது கனம்னு தூக்கிப் பாருங்கன்னு. அவர் ஜீப்புக்குள்ளே போய் உட்கார்ந்துக்கிட்டார்.

என் பேரு பட்டுராசன். முன்னாள் தலைவர். முன்னாள்ங்கிறது பஞ்சாயத்து ஆபீஸ் போர்டுல மட்டும்தான். இப்போ இருக்கிற தலைவரும் ஒரு பிறந்தநாள் பேனர் கட்டணும்னாகூட என்கிட்டே ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் கட்டுவான்.

இந்த இடம் முன்னே எப்படி இருந்தது தெரியுமா? சீமைக்கருவேலம். உடைஞ்ச பாட்டில். ஓடைன்னு பேரு. மேக்கே மேட்டுக் காட்டு மழைத்தண்ணி இது வழியாத்தான் கண்மாய்க்குப் போகணும்னு வெள்ளைக்காரன் காலத்து வரைபடத்துல கோடு போட்டிருக்கானாம். வருசத்துல பத்து நாள் தண்ணி ஓடும். பத்து நாள் தண்ணிக்காக ஊர் நடுவுல இவ்வளவு பெரிய இடத்தைப் பூரா வருசமும் காத்துக்கிட்டு இருக்கச் சொல்றது நியாயமா? ஊர்ல கல்யாணம் வெச்சா கோவில்பட்டிக்கு ஓடணும், மண்டபத்துக்காரன் கேட்கிறதைக் கொடுக்கணும். ஊருக்கு ஒரு அரங்கம் வேணும்னு நான் சொன்னேன். ஊர் சரின்னது.

ஊர் சரின்னதுன்னா எப்படின்னு கேளுங்க. எங்க ஊர் வழக்கம் தலைக்கட்டுக்கு ஒரு கை. கோயில் கொடைக்கு வரி கொடுக்கிற வீடு ஒவ்வொண்ணும் ஒரு தலைக்கட்டு. வீட்டுல எட்டுப் பேர் இருந்தாலும் கை ஒண்ணுதான், அது வீட்டுக்குப் பெரியவன் கை. அதனால எங்க ஊர்ல சண்டையே கிடையாது. அப்பன் ஒரு பக்கமும் மகன் ஒரு பக்கமும் கை தூக்குற கேவலத்தை எல்லாம் நாங்க பார்த்ததில்லை. சுதந்திர தினத்தன்னைக்குக் கிராம சபை. யூனியன் ஆபீஸிலிருந்து ஒரு பையன் வந்திருந்தான், புதுசு. பெண்களும் கை தூக்கலாமே சார்னான். அவங்க கை எங்க கைக்குள்ளேதான் தம்பி இருக்குன்னேன். கூட்டம் சிரிச்சது. அவனும் சிரிச்சுட்டுத் தீர்மானத்தை எழுதிக்கிட்டான். ஏகமனதாக. அந்த வார்த்தையை நான் அவன் தோளுக்கு மேல நின்னு படிச்சேன். எவ்வளவு அழகான வார்த்தை.

கீழத்தெருக்காரங்களும் கை தூக்கினாங்களான்னு கேட்கிறீங்களா? அவங்க வரி கொடுக்கிறதில்லை. கொடுக்கிறதில்லைன்னா, நாங்க வாங்குறதில்லை. என் அப்பா காலத்திலேருந்தே அப்படித்தான். அவங்களுக்குத் தனிச் சாமி, தனிக் கொடை. யாரும் யாருக்கும் தொந்தரவு இல்லை. அதோ, வேலிக்கு அந்தப் பக்கம் தாழ்வா ஓடு தெரியுது பாருங்க, அதுதான்.

அங்கேயிருந்து ஒருத்தி வந்திருந்தா அன்னைக்கு. சந்தனமாரி. தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போறவ. அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டு ஓரமா உட்கார வெச்சேன், மரியாதையா. எல்லாரும் கை தூக்கினாங்களா, கீழே இறக்கினாங்களா, அதுக்கப்புறம் அவ ஒருத்தி கையைத் தூக்கினா. ஓடையை அடைச்சா எங்க தெருவுக்குத் தண்ணி வருமேன்னா. நான் கோபமே படலை. தாயி, கையை இறக்கு, இது வரிக்காரங்க விசயம், உங்களுக்கும் சேர்த்துத்தான் கட்டுறோம்னு தன்மையாச் சொன்னேன். இறக்கிட்டா. இறக்கினதை எல்லாரும் பார்த்தாங்க. அப்படீன்னா அவளும் சம்மதிச்ச மாதிரிதானே?

வாங்க, டீ வந்துடுச்சு. சர்க்கரை தூக்கலா இருக்கும், எங்க ஊர் டீ அப்படி.

என்னது, கூட்டம் எழும்புதேன்னு பார்க்கிறீங்களா? அது ஒண்ணுமில்லை. ரேஷன் கடை திறந்துட்டான். இன்னைக்குப் பாமாயில் போடுறானாம். நாளைக்குப் போனா தீர்ந்துடும், அந்தக் கடைக்காரன் அப்படிப்பட்ட ஆள். பெண்டுபிள்ளைங்க போய் வாங்கிட்டு வந்துருவாங்க. பாதி ஜமுக்காளம் காலியா இருந்தா என்ன, மீதிப் பாதியும் ஊர்தானே.

அரங்கத்தைக் கட்டினோம். நடுவுல ஒரு சிக்கல் வந்தது, அதை அப்புறம் சொல்றேன். கட்டி முடிச்சுக் கல்வெட்டு வெச்சோம். அந்தத் தூண்ல பாருங்க, கறுப்புக் கல்லுல தங்க எழுத்து. வாசகம் நான் சொன்னது. தென்காசியில கொடுத்துச் செதுக்கி வாங்கினது. 'அரசுப் புறம்போக்கு ஓடையைத் தூர்த்து ஊர்ப் பொதுமக்கள் ஒற்றுமையுடன் கட்டிய கலையரங்கம்.' கீழே தலைவர்னு என் பேரு. அதுக்குக் கீழே ஃபேன் உபயம், டியூப்லைட் உபயம், மைக்செட் உபயம், ஒருத்தர் பேரும் விட்டுப்போகலை. ஓடையைத் தூர்த்துங்கிற வார்த்தையை எடுத்துடலாம்ணேன்னு சித்திரைவேல் சொன்னான். சித்திரைவேல் எனக்கு வலது கை மாதிரி, அதோ அந்த மூலையில துண்டைத் தலைக்கு வெச்சுச் சாய்ஞ்சிருக்கானே, அவன்தான். ஏண்டா எடுக்கணும், திருடினவனா நாம, முள்ளும் மண்ணுமாக் கிடந்ததைத் தூர்த்துக் கட்டியிருக்கோம், வர்ற சந்ததி தெரிஞ்சுக்க வேண்டாமான்னேன். செஞ்ச வேலையைக் கல்லுல எழுதி வைக்காதவன் எங்க ஊர்ல கிடையாது. குடிதண்ணித் தொட்டிக்கு ஒரு குழாய் வாங்கிக் கொடுத்தாலும் குழாயை விடப் பெருசாப் பேரை எழுதிடுவோம்.

அந்தக் கல்லைத்தான் சந்தனமாரி போட்டோ பிடிச்சுக் கோர்ட்டுல கொடுத்துட்டா.

இருங்க, முறையாச் சொல்றேன். போன வருசத்துக்கு முந்தின வருசம் ஐப்பசியில மழை. சாதாரண மழை இல்லை, கொட்டித் தீர்த்தது. தண்ணி வந்து நம்ம சுவர்ல முட்டி, கிழக்கே திரும்பி, கீழத்தெருவுக்குள்ளே போயிடுச்சு. தண்ணிதானே, தாழ்ந்த இடத்துக்குத்தான் போகும். அதுக்கு நாங்களா வழி சொல்லிக் கொடுத்தோம்? சந்தனமாரி புருசன் செல்லையா லாரியில அடிபட்டு இடுப்புக்குக் கீழே அசைவு வராதவன். கட்டிலோட தூக்கிட்டு வந்திருக்காங்க, இங்கே, இந்த அரங்கத்துக்கு. மேடான இடம் இது ஒண்ணுதானே. வந்து பார்த்தா பூட்டு. சாவி என்கிட்டே. நான் சாத்தூர்ல ஒரு கல்யாணத்துல இருந்தேன். போன் பண்ணாங்க. நான் எடுத்தேன், எடுக்கலைன்னு சொல்லலை. சாயங்காலம் வந்துடுவேன், அதுவரைக்கும் பள்ளிக்கூட வராந்தாவுல வெச்சுக்குங்கன்னேன். பூட்டை உடைச்சுடட்டுமா அண்ணாச்சின்னு அவ கேட்டா. உடைக்கக் கூடாதுன்னேன். சரிதானே? ஊர்ச் சொத்து. ஊரைக் கேட்காம நான் எப்படி உடைக்கச் சொல்ல முடியும்? நான் தலைவர்தான், ராசா இல்லையே.

வராந்தாவுல சாரல் அடிச்சிருக்கு. அந்த மாசக் கடைசியில செல்லையா ஆஸ்பத்திரியில இறந்துபோனான். நெஞ்சுச் சளின்னாங்க. தண்ணியாலதான் செத்தான்னு எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கலை. நான் மாலை வாங்கிட்டுப் போனேன். தெரு முக்குல நின்னு கொடுத்தனுப்பினேன்.

அதுக்கப்புறம்தான் மதுரைக்கு ஓடினா. ஹைகோர்ட்டுக்கு. எங்களைக் கேட்டிருந்தா ஒரு நஷ்டஈடு பேசி முடிச்சிருப்போம். கேட்கலை. யாரோ வக்கீலம்மா காசு வாங்காமக் கேஸ் போட்டுக் கொடுத்துச்சாம்.

நாங்க சும்மா இருப்போமா? ரெண்டு வேன் பிடிச்சு ஊரே போனோம். எல்லாரும் வெள்ளை வேட்டி. கோர்ட்டு வராந்தா நிறைஞ்சுபோச்சு. உள்ளே எல்லாம் இங்கிலீஷ்ல ஓடுச்சு. எங்க வக்கீல் கெட்டிக்காரர், ஊர் பூராவும் ஏகமனதாகத் தீர்மானம் போட்டுக் கட்டினது, ஆட்சேபணை ஒரே ஒரு நபர்தான்னு எடுத்துச் சொன்னார். ஜட்ஜ் தலையை நிமிர்த்தித் தமிழ்ல கேட்டார், "ஊர் முழுக்கன்னு சொல்றீங்களே, வழக்குப் போட்டவங்க எந்த ஊர்?"

இது ஒரு கேள்வியா? நீங்க சொல்லுங்க. அவ இந்த ஊர்தான். ஆனா ஊர் வேற, ஊர்ல இருக்கிறவங்க வேற. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்க வக்கீல் தண்ணி குடிச்சார். அவர் மதுரைக்காரர், அவருக்கு எங்க வழக்கம் எப்படித் தெரியும்? நான் பின்னாலேருந்து எழுந்து விளக்கிச் சொல்லலாம்னு பார்த்தேன், கோர்ட்டு டவாலிக்காரன் தோள்ல கையை வெச்சு உட்கார வெச்சுட்டான்.

பிறகு அந்தக் கல் போட்டோவை எடுத்து ஜட்ஜ் சத்தமாப் படிச்சார். ஒரு எழுத்து பிசகாமப் படிச்சார். நான் எழுதின வாசகம் ஹைகோர்ட்டுல ஒலிக்குது. பொய் சொல்லக் கூடாது, அந்த நேரத்துல எனக்குக் கொஞ்சம் பெருமையாக்கூட இருந்தது. படிச்சு முடிச்சு எங்க வக்கீலைப் பார்த்து, ஓடை இல்லைன்னு நீங்க பதில் மனுவுல எழுதியிருக்கீங்க, உங்க கட்சிக்காரர் ஓடைதான்னு கல்லுல எழுதியிருக்கார், நான் எதை நம்பட்டும்னார். கோர்ட்டே சிரிச்சது. சந்தனமாரி சிரிக்கலை. அவளுக்கு இங்கிலீஷும் புரியலை, தமிழும் காதுல விழலை போல.

நான் கேட்கிறேன் தம்பி. நான் ஓட்டு வாங்கினவன். வெயில்ல வீடு வீடா நடந்து, குனிஞ்சு, கும்பிட்டு, ஒருத்தன் வீட்டுல மோர், ஒருத்தன் வீட்டுல ஏச்சு, எல்லாத்தையும் வாங்கினவன். பிடிக்கலைன்னா அடுத்த தடவை இறக்கிடலாம். அந்த ஜட்ஜுக்கு யார் ஓட்டுப் போட்டா? அவரை யார் இறக்க முடியும்? எங்க ஊர் எந்தத் திசையில இருக்குன்னு அவருக்குத் தெரியுமா? இத்தனை தலைக்கட்டு ஒண்ணாக் கூடி எடுத்த முடிவை ஒரு மனுசன் மூக்குக்கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே இல்லைன்னு எழுதிட்டா, எதுக்கு எங்களுக்கு எலெக்‌ஷன்? எதுக்கு ஓட்டு? இந்த அரங்கத்துலதான் ஓட்டுப் பெட்டியே வைக்கிறாங்க, தெரியுமா? கீழத்தெருக்காரங்களும் இதே வாசல்ல வரிசையில நின்னுதான் போடுறாங்க. அன்னைக்கு மட்டும் நான் யாரையும் தடுக்கிறதில்லை. நானே தண்ணிப் பந்தல் போடுறேன்.

அன்னைக்குக் கோர்ட்டுல ஜட்ஜ் ஒரு வழி சொன்னார், அதையும் சொல்லிடணும். சமையல்கட்டையும் அந்தக் கிழக்குச் சுவரையும் எடுத்துட்டு, அடியில பெரிய குழாய் போட்டுத் தண்ணிக்கு வழி விட்டா, மீதியை வெச்சுக்கலாமான்னு ரெண்டு தரப்பும் பேசிட்டு வாங்கன்னார். சந்தனமாரி சம்மதம்னு சொல்லிட்டாளாம். நான் ஊரைக் கூட்டினேன். சமையல்கட்டை இடிச்சா அப்புறம் மேடையைக் கேட்பாங்க, மேடையைக் கொடுத்தா கோயிலைக் கேட்பாங்க, ஒரு செங்கல்லையும் தொட விடக் கூடாதுன்னு சொன்னேன். கையைத் தூக்குங்கன்னேன். எல்லாக் கையும் மேலே. ஏகமனதாக. அதை வக்கீல் கோர்ட்டுல சொன்னதும் ஜட்ஜ் எழுதிட்டார். எத்தனை பேர் கை தூக்கினாலும் ஓடை ஓடைதான், முழுசா எடுங்கன்னு. பார்த்தீங்களா ஆத்திரத்தை?

அட, வேலம்மா. எங்க வீட்டுக்காரி. எங்கே கிளம்பிட்டே? ஆட்டுக்குத் தண்ணி காட்டணுமாம். ஆடு இன்னைக்குத்தான் தாகமெடுக்குது. சரி, போ. போகும்போது பக்கத்துல இருக்கிற அந்த ரெண்டு பேரையும் ஏன் கூட்டிட்டுப் போறே? சரி, சரி.

வயல் வேலை இருக்கிறவங்களைப் பிடிச்சு வைக்க முடியுமா? மனசு இங்கேதான் இருக்கும். அதுதான் முக்கியம்.

நடுவுல ஒரு சிக்கல் வந்ததுன்னு சொன்னேன்ல? இது உங்களுக்குத் தெரியணும், நான் கோர்ட்டையே வெறுக்கிறவன்னு நினைச்சுடக் கூடாது. கட்டிக்கிட்டு இருக்கும்போது வார்டு மெம்பருங்க எல்லாரும் ஒண்ணாச் சேர்ந்துட்டாங்க. கட்டட வேலையை என் மச்சினனுக்குக் கொடுத்துட்டேனாம். மச்சினன் கட்டினா சிமெண்ட் ஒட்டாதா? கலெக்டருக்கு எழுதிப் போட்டு என் செக் பவரைப் பிடுங்கிட்டாங்க. தலைவருக்குச் செக்குல கையெழுத்துப் போடுற அதிகாரம் போச்சுன்னா எல்லாம் போச்சு. ஒரு மெம்பர்கூட என் பக்கம் இல்லை. ஊர்லேயும் பாதிப்பேர் அவங்க பின்னாலே. தெருவுல நடந்தா பேச்சை நிறுத்திடுவாங்க. நான் என்ன செஞ்சேன்? பஸ் ஏறினேன். மதுரை. அதே ஹைகோர்ட்டு. ரெண்டாவது மாடி.

அங்கே இருந்தவர் வேற ஜட்ஜ், தங்கமான மனுசன். ரெண்டே வரிதான் கேட்டார். இந்த ஆளை ஒரு வார்த்தை விசாரிச்சீங்களா? கலெக்டர் தரப்புல இல்லைன்னாங்க. விசாரிக்காம எப்படி முடிவெடுத்தீங்க, எல்லாரும் சேர்ந்து சொன்னா சரியாயிடுமான்னு கேட்டு, கலெக்டர் முடிவுக்குத் தடைன்னு எழுதிட்டார். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. சத்தியமாச் சொல்றேன், வராந்தாவுல நின்னு அந்தக் கட்டடத்தைக் கையெடுத்துக் கும்பிட்டேன். ஒருத்தனை ஒரு வார்த்தை கேட்காம ஊரே சேர்ந்து அமுக்கலாமா? அது என்ன நியாயம்? அந்த உத்தரவு இல்லைன்னா இந்த அரங்கத்துக்குக் கூரையே வந்திருக்காது. திரும்பி வந்து வேலையை முடிச்சேன். எதிர்த்த மெம்பருங்க பேரையும் கல்லுல போட்டேன். பெருந்தன்மைதான், வேற என்ன.

என்ன, சிரிக்கிறீங்க? அது வேற தம்பி. அது என் விசயம். இது ஊர் விசயம்.

ஜீப் கதவு சத்தம் கேட்குது. உச்சி ஆயிடுச்சா? நிழல் காலுக்கடியில வந்துடுச்சே. வரட்டும். போலீஸ் அய்யாவும் இறங்குறார். இப்போ இருக்கிற தலைவரும் அவங்களோடதான் நிக்கிறான், பாருங்க, தாசில்தாருக்குக் குடை பிடிச்சுக்கிட்டு. பயல் உள்ளுக்குள்ளே நம்ம ஆள்தான். வெளியில அப்படி நிக்கணும்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி நிக்கிறாளே, நீலச் சேலை, அவதான். ஒருத்தியாத்தான் வந்திருக்கா. ஒத்தையிலேயே வந்து பழகிட்டா. இங்கே வர்றா. வரட்டுமே. என்ன தாயி, பார்க்கணும்னு வந்தியா? கண்குளிரப் பாரு.

"அண்ணாச்சி, நீங்க இறங்கி வந்து குழாய்க்குச் சம்மதம்னு இப்போ ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தா, வக்கீலம்மா இடிக்கிறதை ஒரு வாரம் நிறுத்தி வைக்க உத்தரவு வாங்கித் தர்றேன்னு சொல்றாங்க. இடிக்கிறது சமையல்கட்டு, சுவரோட நின்னுடும். எனக்கு அரங்கத்தை இடிக்கணும்னு இல்லை. தண்ணி போகணும்."

கேட்டீங்களா தங்கவேலு? எனக்கு வழி விடுறாளாம். ஊருக்குப் பிச்சை போடுறா. தாயி, ஊர் எடுத்த முடிவை மாத்த எனக்கு அதிகாரம் இல்லை. ஊர் வேணும்னா சொல்லட்டும். ஊரைக் கேட்போம். இந்தா, இத்தனை பேர் உட்கார்ந்திருக்காங்களே, இவங்களைக் கேட்போம்.

எங்கே, எல்லாரும் எழும்பிட்டீங்க? டேய் முத்தையா. சுப்புராசு. பேண்ட்டைத் தட்டிக்கிட்டே போறான் பாருங்க, தூசிதான் பெருசாத் தெரியுது. போலீஸ் கேஸ் போடுவாங்கன்னு பயம். சின்னப் பசங்க, வேலைக்குப் போகணும், பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்காங்க. தப்பில்லை. பெரியவங்க இருக்கோம்ல. சித்திரைவேலு இருக்கான்ல. ஏலே சித்திரைவேலு, எழும்பு. இந்தப் பொண்ணுகிட்டே சொல்லு. ஊர் சார்பா நீ சொல்லு.

அவன் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிறான். என்னைப் பார்க்காம அவளைப் பார்க்கிறான்.

"அந்த ஐப்பசி மழைக்கு எங்க வீட்டு அடுப்படியிலேயும் தண்ணி நின்னது அண்ணாச்சி. போன வருசமும் நின்னது."

அதை ஏண்டா என்கிட்டே சொல்லலை? குழாய் வேண்டாம்னு கையைத் தூக்கினியே, அப்போ சொல்லியிருக்கலாமே?

"கையைத் தூக்கச் சொன்னீங்க, தூக்கினோம். உட்காரச் சொன்னீங்க, உட்கார்ந்தோம். அதுக்கு மேல ஒண்ணும் கேட்கலையே நீங்க."

போறான். செருப்பைத் தேடிப் போட்டுக்கிட்டு, அவசரமே இல்லாமப் போறான். அவளும் போறா அவன் பின்னாலேயே. வேலிப் பக்கம் ரெண்டு பேரும் நின்னு ஏதோ பேசுறாங்க. பேசட்டும். என்னத்தைக் கேட்கணும் இவங்களை? ஊர்னா ஊர். ஊரை ஒவ்வொருத்தனாப் பிரிச்சுக் கேட்டா அப்புறம் ஊர் எங்கே இருக்கும்?

தாசில்தார் சார், நான் எழும்பமாட்டேன். நீங்க அங்கேயே நில்லுங்க. என் காதுல விழுது. ஆமா, ஒருத்தன்தான் இருக்கேன். ஒருத்தன் உள்ளே இருந்தாலும் மிஷினைக் கிளப்பக் கூடாது, எனக்குச் சட்டம் தெரியும். அந்தத் தலைவர் பயலைக் குடையை மடக்கச் சொல்லுங்க, அவன் எதுல கையெழுத்துப் போட்டிருந்தாலும் அது என்னைக் கட்டுப்படுத்தாது. ஊரே வந்து நின்னு எழும்புடான்னு சொன்னாலும் நான் எழும்பணும்னு ஒண்ணுமில்லை. என்னை யார் விசாரிச்சா? எனக்குத் தனியா நோட்டீஸ் கொடுத்தீங்களா? இருங்க, வக்கீலுக்குப் போன் போட்டுட்டேன், அடிக்குது.

அய்யா, வணக்கம்யா, பட்டுராசன். மனு ஒண்ணு போடணும்யா, இன்னைக்கே, மதியமே. ஊர் பேர்ல இல்லை. ஊர் எதுக்கு? ஊரை நம்பி ஒண்ணும் ஆகாது. என் பேர்ல. நான் ஒருத்தன்தான். ஒருத்தன் போட்டா எடுப்பாங்கல்ல? எடுப்பாங்கய்யா, அன்னைக்கு எடுத்தாங்களே, அந்த ரெண்டாவது மாடியில. அந்த ஜட்ஜ் இப்போ எங்கே இருக்கார்னு பாருங்களேன்.

தங்கவேலு, எங்கே எழும்பிட்டீங்க? கிளாஸை அங்கேயே வைங்க, நான் எடுத்துக்கிறேன். வக்கீல் லைன்ல இருக்கார், ஒரு நிமிசம். தாசில்தார் கூப்பிட்டா நீங்க போயிடணுமா? மிஷின் சாவியைப் பையிலேயே வெச்சிருங்க. திரும்பிப் பாருங்க தம்பி. நடந்துக்கிட்டே இருக்கீங்களே. நான் இருக்கேன்ல இங்கே. ஒருத்தன்னா ஆள் இல்லையா?